பெயர்ப்பலகை இல்லாத சைக்கிள் கடையும், 600 கிலோமீட்டரில் கைவிட்ட 24 கம்பி வீலும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் தொழுதூருக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே ஒரு கூட்டுரோட்டில், உரக்கடையை ஒட்டி, தகரக் கூரை போட்ட சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மேப்பில் தேடினாலும் வராது, அதனால் ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதவும் வழியில்லை, இங்கே எழுதுகிறேன். இந்த ரோட்டில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட உருப்படியான சர்வீஸ் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. கூடவே, என்னை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திய வீலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த மெக்கானிக் செய்த வேலையின் அருமை புரியும்.

அன்று நான் ஓட்டிக்கொண்டிருந்தது பிஆர்எம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம். அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இது பந்தயம் இல்லை, முதலில் வருகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் ஒரே மரியாதைதான். பிரான்ஸில் இருக்கும் ஒடாக்ஸ் கிளப் பாரிஸியன் வகுத்த விதிப்படி உலகம் முழுக்க நடக்கிறது, இந்தியாவில் ஒடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் பார்த்துக்கொள்கிறார்கள். 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. சாப்பாடு, தூக்கம், பஞ்சர், டீ, எல்லாம் அதற்குள்ளேயேதான், கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. நவம்பர் 1 முதல் அடுத்த அக்டோபர் 31 வரை ஒரு சீசன். அதற்குள் இந்த நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர். பிரான்ஸில் 1891இல் தொடங்கி இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் என்ற நீண்ட தூர ஓட்டத்துக்குப் போக வேண்டுமென்றாலும், அது நடக்கிற சீசனில் இந்த நான்கையும் முடித்திருக்க வேண்டும். அடுத்தது 2027இல். இங்கே நம் ஊர் ரோட்டில் ராத்திரி முழுக்க ஓட்டுகிற நிறைய பேர் மனதில் அந்த வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது, என் மனதிலும்தான்.

இதில் நான் மிகவும் மதிக்கிற விதி ஒன்று உண்டு. பின்னால் கார் வைத்துக்கொண்டு வரக்கூடாது, வீட்டு ஆட்களோ நண்பர்களோ உதவுவதென்றால், வழியில் நம் கார்டில் நேரம் பதிகிற கன்ட்ரோல் பாயின்ட்டில் மட்டும்தான் உதவலாம், நடுவழியில் கூடாது. ஆனால் வழியில் இருக்கிற எந்தக் கடையிலும் போய் சைக்கிளைக் கொடுத்து ரிப்பேர் செய்துகொள்ளலாம், அதற்குத் தடையே இல்லை. பந்தயங்களில் ஒரு காலத்தில் அதுவும் கிடையாது. 1913 டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்டோஃப் டூர்மலே மலையில் இறங்கும்போது ஃபோர்க் முறிந்துவிட்டது. சைக்கிளைச் சுமந்துகொண்டே அடிவாரத்து ஊர் வரைக்கும் நடந்து, அங்கே இருந்த கொல்லுப்பட்டறையில் தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி ஒட்டினார். துருத்தி ஊத ஒரு பையன் கை கொடுத்தான் என்பதற்காக அவருக்கு அபராத நேரம் போட்டார்கள். அந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது விதி அப்படி இல்லை என்பதால்தான் கூட்டுரோட்டுக் கடையைப் பற்றி எழுத முடிகிறது.

எங்கள் 600 தாம்பரத்தில் தொடங்கி திருச்சி போய் அதே வழியில் தாம்பரம் திரும்புவது. பொங்கல் முடிந்த கையோடு, சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பினோம், ஞாயிறு இரவு 9 மணிக்குள் வந்து சேர வேண்டும். போகும்போது எல்லாம் நன்றாகவே போனது. தை மாதம், வெயில் தெரியவில்லை, வாடைக்காற்று முதுகில் இருந்தது, திருச்சியில் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கி நள்ளிரவுக்கு மேல் கிளம்பியபோது கையில் நல்ல மிச்ச நேரம் இருந்தது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது, அது எதிர்பார்த்ததுதான். பாடாலூர், பெரம்பலூர் எல்லாம் இருட்டிலேயே தாண்டி, தொழுதூர் கழிந்து கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பின்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த மிதியிலேயே பின் வீல் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது.

இறங்கிப் பார்த்தால் வலது பக்கம், செயின் ஓடுகிற பல்சக்கர அடுக்கான கேசட் பக்கத்து போக்ஸ் கம்பி ஒன்று, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் வளைந்து நுழைகிற முழங்கையில் சுத்தமாக முறிந்து தொங்குகிறது.

இங்கே வீலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளோடு கம்பெனியே போட்டுக் கொடுத்த வீல்தான், பின்னாலும் 24 கம்பி. பார்க்க அழகு, எடை குறைவு, காற்றைக் கிழிக்கும் என்று விற்கும்போது சொன்னார்கள். நம் அப்பா காலத்து ஹெர்குலிஸிலும் அட்லஸிலும் முன்னால் 32, பின்னால் 40 கம்பி இருக்கும், அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போன சைக்கிள் அது. 40இல் ஒன்று உடைந்தால் வீலுக்குச் சொல்லும்படி ஒன்றும் ஆகாது, வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். 24இல் ஒன்று போனால் அந்த இடத்தில் ரிம்மைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை, எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன, வீல் கோணிக்கொண்டு நிற்கிறது. எனக்கு ஃபிரேமைத் தொடாமல் ஒரு காகிதம் போகிற அளவுதான் இடைவெளி இருந்தது.

கம்பி ஏன் உடைகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பாரம் தாங்காமல் உடைவதில்லை. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும், தரையைத் தொடுகிற பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடியும் இழுபடுகிறது. என் சைக்கிளில் இருக்கிற 700சி அளவுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும், அப்படியென்றால் நான் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு கம்பியும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் தடவைக்கு மேல் தளர்ந்து இழுபட்டிருக்கிறது, அது அந்த ஒரு ஓட்டத்தில் மட்டும். கம்பிகள் எல்லாம் ஒரே சீராக, போதுமான இறுக்கத்தில் இருந்தால் இந்தத் தளர்ச்சி ரொம்பக் குறைவு, பல வருடம் தாங்கும். இறுக்கம் ஏறுக்கு மாறாக இருந்தால் சில கம்பிகள் மட்டும் அளவுக்கு மீறி ஆடி ஆடி, அந்த முழங்கை வளைவில் களைத்துப்போய் முறிகின்றன. மெஷினில் அவசரமாகக் கட்டி அனுப்புகிற வீலில் இதுதான் பிரச்சினை. வெளியே பார்த்தால் நேராகச் சுற்றும், உள்ளுக்குள் ஒரு கம்பி விண்ணென்றும் பக்கத்துக் கம்பி தொளதொளவென்றும் இருக்கும். இந்த வீலை இரண்டு தடவை ஷோரூம் சர்வீஸுக்கு விட்டிருந்தேன், கம்பி இறுக்கம் பார்க்கச் சொல்லியும் கேட்டிருந்தேன், 'வீல் நல்லா சுத்துது சார்' என்றுதான் பதில் வந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டி, பின் பிரேக்கைத் திறந்து விட்டு, இரண்டு பக்கமும் கம்பியை ரிம்மில் இறுக்குகிற நிப்பிளைக் கொஞ்சம் திருகி, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டே கூட்டுரோடு வரைக்கும் வந்தேன். கூட ஓட்டிக்கொண்டிருந்த நண்பரை நிற்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன், அவருடைய நேரத்தையும் சேர்த்துத் தின்பது நியாயமில்லை. டீக்கடையில் கேட்டால், 'உரக்கடைக்குப் பக்கத்துல பெரியவர் இருக்காரு, ஏழு மணிக்குத் தொறந்துருவாரு' என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்றதற்கு, மதியம் வரைக்கும் உண்டு என்றார்கள். உயிர் வந்தது.

பெரியவர் ஏழு மணிக்கு முன்னாடியே வந்து சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் வயது இருக்கும். சைக்கிளைப் பார்த்ததும் விலை என்ன, எங்கே போகிறாய், எதற்காக இப்படி ஓட்டுகிறாய் என்ற கேள்வி எதுவும் இல்லை, நேராகப் பின் வீலைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் ஒரு காரியம் செய்தார், அதைப் பார்த்ததுமே சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டே வந்தார். ஒன்று 'ணங்' என்கிறது, அடுத்தது 'டொக்' என்கிறது. ஒரு சுற்று முழுக்கச் சுண்டி முடித்துவிட்டு, 'தம்பி, உடைஞ்சது ஒண்ணு. உடையப்போறது இன்னும் ரெண்டு மூணு இருக்கு' என்றார்.

கேசட் பக்கத்துக் கம்பியை மாற்ற வேண்டுமென்றால் கேசட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பல் வைத்த தனிக் கருவி வேண்டும், அது அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. 'அண்ணே, அதைக் கழட்டாம கம்பி போட முடியாதே' என்றேன். 'பாக்கலாம்' என்று உள்ளே போனார்.

பழைய தினத்தந்தியில் சுற்றி வைத்திருந்த ஒரு கட்டு கம்பி எடுத்துக்கொண்டு வந்தார். 28 இன்ச் சைக்கிளுக்குப் போடுகிற கம்பி, அதனால் என் சக்கரத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளம். முதலில் எடுத்தது தடிமன் அதிகம், என் நிப்பிளில் மரை ஏறவில்லை. இன்னொரு கட்டிலிருந்து மெலிசாக ஒன்று எடுத்து நிப்பிளில் விட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு ஏறியது. உடையாத பக்கத்துக் கம்பியோடு சேர்த்துப் பிடித்து நகத்தால் அளவு குறித்தார். தலைப்பக்கத்தைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய முனையை வைஸில் கடித்து ஒரு மடக்கு, அரை விரல் தள்ளி எதிர்த்திசையில் இன்னொரு மடக்கு. முடிவில் கம்பி முனை இசட் எழுத்து மாதிரி இருந்தது. அந்த முனையைக் கேசட்டுக்கும் ஹப் விளிம்புக்கும் நடுவே இருக்கிற சின்ன சந்தில் நுழைத்து, ஓட்டையில் மாட்டி, ஒரு திருப்புத் திருப்பினார். கொக்கி போல் போய் உட்கார்ந்துகொண்டது. கேசட்டைத் தொடவே இல்லை. மறுமுனையை நிப்பிளில் ஏற்றி இறுக்கியதும் கம்பி நேராக நின்றது.

நீண்ட தூர டூரிங் போகிறவர்களில் சிலர் இந்த மாதிரி வளைத்த கம்பியை முன்கூட்டியே செய்து ஃபிரேமில் ஒட்டி எடுத்துக்கொண்டு போவார்கள் என்று படித்திருக்கிறேன். அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கியர் சைக்கிள் வந்த புதிதில் பின்னால் ஃப்ரீவீலைக் கழட்ட கருவி இல்லாமல் தானாகக் கண்டுபிடித்தது என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைக் காலையில் கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் வேண்டும் என்று நிற்பார்களாம்.

அப்புறம் பெண்டு எடுத்தார். அதற்கும் ஸ்டாண்ட் கிடையாது, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஃபிரேமில் கை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினார். எங்கே கோணல் இருக்கிறதோ அங்கே வெள்ளைக்கோடு விழுகிறது, அந்த இடத்து நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு, மறுபடியும் சுற்று. ஒரு பக்கம் இறுக்கினால் எதிர்ப்பக்கம் தளர்த்தினார், வெறுமனே இறுக்கிக்கொண்டே போகவில்லை. கோடு விழுவது நின்ற பிறகு, இணை இணையாகக் கம்பிகளை இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்துப் பிழிந்தார், 'ணக் ணக்' என்று சத்தம் வந்தது. 'கம்பி உட்காரணும் தம்பி, இல்லன்னா ரோட்டுல போய் உட்காரும்' என்றார். வீல் கட்டுகிறவர்கள் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள், முழங்கை வளைவில் தங்கியிருக்கிற இழுவிசையை எடுத்துவிடுவதற்கு. நான் ஷோரூமில் கொடுத்த காசுக்கு ஒருமுறைகூட யாரும் இதைச் செய்து பார்த்ததில்லை.

மொத்தம் 60 ரூபாய் கேட்டார். கம்பி, கூலி எல்லாம் சேர்த்து. கூடக் கொடுத்தேன், மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

கடையின் குறைகளையும் சொல்கிறேன், நம்பிப் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்கே காற்றடிக்க முடியாது, பித்தளை அடாப்டர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், சின்னதுதான், எல்லோரும் பையில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். 700சி ட்யூப் கிடையாது. ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றுகிற, பஞ்சர் அடைக்கும் பால் பற்றிக் கேட்காதீர்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைத் தொட மாட்டேன் என்று அவரே சொல்லிவிடுகிறார், அந்த நேர்மையும் எனக்குப் பிடித்தது. செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்ற வருவார், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள், கவிழ்த்து வைக்கும்போதும் பிடிக்கும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள், இரும்பு சைக்கிளைக் கையாளுகிற அழுத்தத்தில்தான் அவர் கை போகும். இதெல்லாம் குறைதான், ஆனால் பஞ்சர், கம்பி, பெண்டு, ஹப்பில் பால்ஸ் மாற்றுவது, அறுந்த பிரேக் கேபிள், தளர்ந்த பெடல் என்று ராத்திரி முழுக்க ஓட்டி வருகிறவனுக்கு வழியில் வருகிற பிரச்சினைகளில் முக்கால்வாசிக்கு அவரிடம் மருந்து இருக்கிறது.

அங்கிருந்து கிளம்பும்போது எட்டரை. அடுத்த கன்ட்ரோல் திண்டிவனம், அங்கே மதியம் 2.20க்குள் போய்ச் சேர வேண்டும். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எதிர்க்காற்று. முடியும் என்றுதான் தோன்றியது, முடிந்தும் இருக்கும். சர்வீஸ் ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள், அதைத் தாண்டி உளுந்தூர்பேட்டை, நிற்காமல் விழுப்புரம், வாழைப்பழமும் கடலைமிட்டாயும் ஓட்டிக்கொண்டே தின்றேன். பின் வீல் அவ்வளவு அமைதியாக ஓடியது, சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அப்படி ஓடியதில்லை. விக்கிரவாண்டி டோல் பக்கம் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன், நேரம் இருந்தது.

அங்கே இரண்டாவது கம்பி போனது. அதே 'டங்'.

கூட்டுரோட்டில் போட்ட கம்பி இல்லை. கம்பெனி போட்ட கம்பி, அதே வலது பக்கம், பெரியவர் 'உடையப்போகுது' என்று தொட்டுக் காட்டியவற்றில் ஒன்று. அவர் வளைத்துப் போட்ட இசட் கம்பி அப்படியே விறைப்பாக நின்றது. ஒரு கம்பி முறியும்போது அதன் பக்கத்துக் கம்பிகள்தான் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன, கூட்டுரோடு வரைக்கும் உருட்டி வந்த அந்தத் தூரத்தில் ஏற்கெனவே களைத்திருந்த கம்பிக்கு மிச்சமிருந்த உயிரும் போயிருக்க வேண்டும். ஞாயிறு மதியம், சுற்றுவட்டத்தில் ஒரு சைக்கிள் கடை திறந்திருக்கவில்லை. ஒரு பைக் மெக்கானிக் பாவம் முயற்சி செய்து பார்த்தார், அவரிடம் கம்பி இல்லை. கொஞ்சம் ஓட்டி, நிறைய நடந்து, திண்டிவனம் போனபோது மூன்று தாண்டிவிட்டது. கன்ட்ரோலில் இருந்த தன்னார்வலர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கார்டை வாங்கி எழுத வேண்டியதை எழுதினார். மெக்கானிக்கல் கோளாறு என்பதற்காக நேரம் நீட்டித்துத் தர மாட்டார்கள், தரவும் கூடாது, எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் உடம்பில் இன்னும் நூறு கிலோமீட்டருக்குத் தெம்பு இருந்தும் சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றுவது இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

மறுவாரம் வீலை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். இந்த அளவுக் கம்பி ஸ்டாக் இல்லை, வர எத்தனை வாரம் ஆகும் என்று தெரியாது, முழு வீலையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். சொன்ன விலைக்கு நல்ல ஹப், நல்ல ரிம், கம்பி எல்லாம் தனித்தனியாக வாங்கிவிடலாம். வாரண்டி பற்றிக் கேட்டதற்கு, வெளியாள் கை வைத்துவிட்டார் என்று அந்த இசட் கம்பியைக் காட்டினார்கள். மொத்த வீலிலும் ஒழுங்காக இருந்த ஒரே கம்பி அது. இதற்கு மேல் அந்த இடத்தில் பேச எனக்கு விருப்பமில்லை, வீலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, 24 கம்பி வீலுக்கு என் தீர்ப்பு: ஊருக்குள் காலையில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டி வீடு திரும்புகிறவருக்குப் போதும். 300க்கு மேல் போகிறவர்கள், முதுகிலும் சீட்டுக்குப் பின்னாலும் பை கட்டிக்கொண்டு போகிறவர்கள், 70 கிலோவுக்கு மேல் எடை இருப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். எடை மிச்சம் என்று சொல்வது ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதிகூட வராது. கம்பெனி வீலே போதும் என்றால், வாங்கிய உடனே தெரிந்த ஆளிடம் கொடுத்துக் கம்பி இறுக்கம் முழுக்கச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், 'நல்லா சுத்துது' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்களே சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின் வீலில் வலதும் இடதும் வேறு வேறு சுருதியில் இருக்கும், அது சரிதான், கேசட்டுக்கு இடம் விட்டு ரிம் உட்கார்ந்திருப்பதால் வலது பக்கம் எப்போதும் அதிக இறுக்கம். ஒரே பக்கத்துக்குள்ளேயே வித்தியாசம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

நான் 32 ஓட்டை ஹப்பும் ரிம்மும் வாங்கி, 14 கேஜ் கம்பியில் கட்டச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். சென்னையில் நல்ல வீல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் பொருளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி கூட்டுரோட்டுக்குத்தான் போனேன். பெரியவர் அடையாளம் கண்டுகொண்டார். 'முடிச்சியா தம்பி?' என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்று சொல்லி நடந்ததைச் சொன்னதும் பழைய வீலை வாங்கி, உடைந்த இடத்தையும் தான் போட்ட கம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அன்னிக்கே மூணையும் மாத்திருக்கணும், உனக்கு நேரமில்லன்னு விட்டுட்டேன்' என்றார். நேரம் இல்லை என்று அவசரப்படுத்தியது கடிகாரம்தான், அவர் இல்லை என்று சொன்னேன், அவர் சமாதானம் ஆன மாதிரி தெரியவில்லை.

கட்டி முடிக்க ஒரு காலை ஆனது. 40 கம்பி வீலாகவே வாழ்நாள் முழுக்கக் கட்டியவருக்கு 32 ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஹப்பில் கம்பிகளைக் கோத்து ஒன்றோடொன்று மூன்று தடவை குறுக்கே வருகிற மாதிரி பின்னிய வேகத்தைப் பார்க்கவே அங்கே போகலாம். ரிம்மின் வால்வு ஓட்டை வழியாகப் பார்த்தால் படிக்கிற மாதிரி ஹப்பில் எழுதியிருக்கும் பெயரை நேராகக் கொண்டுவந்து வைத்தார், அது கேட்காமலேயே செய்தது. நடுவில் ஒரு பையன் பஞ்சருக்கு வந்தான், இரண்டு பேர் காற்று பிடிக்க வந்தார்கள், என்னைக் காக்க வைத்துவிட்டு அவர்களை முதலில் பார்த்தார். சரிதான், அவர்கள் அன்றாடம் வருகிறவர்கள். கூலி 300 ரூபாய். இந்தத் தடவை கூடக் கொடுத்ததை அவர் பேத்தி கையில் கொடுத்தேன், அதனால் திரும்பி வரவில்லை.

அந்த வீலில் அதற்கப்புறம் ஒரு 400 முடித்துவிட்டேன், ரோடு மோசமான பகுதிகள் உட்பட. ஓட்டம் முடிந்ததும் சுண்டிப் பார்த்தேன், எந்தக் கம்பியும் சுருதி இறங்கவில்லை, நிப்பிள் சாவிக்கு வேலையே வரவில்லை. சீசன் அக்டோபர் வரைக்கும் இருக்கிறது, 600 மட்டும்தான் பாக்கி, பெயர் கொடுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும்போது இடது பக்கம், சர்வீஸ் ரோட்டில் இறங்கி உரக்கடை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். எதிர்ப்பக்கம் போகிறவர்கள் பாலத்துக்கு அடியில் சுற்றி வர வேண்டும். காலை ஏழு முதல் பொழுது சாயும் வரை, ஞாயிறு மதியம் ஒரு மணி வரைதான், மாட்டுப்பொங்கல் அன்று கடை கிடையாது. பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார், ஆனால் பணம் வந்துவிட்டதா என்று மகனுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் உங்களை விடுவார், கன்ட்ரோல் நேரம் நெருங்குகிறபோது அந்த ஐந்து நிமிடமும் முக்கியம். உங்கள் சக்கரத்துக்குச் சரியான அளவில் கம்பி இரண்டு, நிப்பிளோடு, ஃபிரேமில் டேப் போட்டு ஒட்டிக் கொண்டுபோங்கள், மீதி வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.